ஏன் டீச்சரும் குழந்தையின் குளியலும்

நகரத்துப் பொது நீச்சல் குளத்தில் அவளை எல்லாரும் 'ஏன் டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார்கள். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். அவளுடைய வகுப்பு பெரியவர்களுக்கானது. வழுக்கை விழுந்த பிறகு நீச்சல் ஆசை வந்தவர்கள், டாக்டர் விரட்டி அனுப்பிய முட்டிவலிக்காரர்கள், சின்ன வயதில் எங்கேயோ தண்ணீர் குடித்துவிட்டு அன்றிலிருந்து வாளித் தண்ணீரைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறவர்கள் என்று ஒரு கூட்டம். படியில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவரிடம் "பயப்படாதீங்க" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, "ஏன் பயமா இருக்கு?" என்பாள்.

"தண்ணின்னாலே பயம்தான்."

"தண்ணியில எது? மூக்குல ஏறுறதா, கால் தரையில படாததா, இல்ல தொப்பை வெளியே தெரியுதேன்னா?"

ஆள் சிரித்துவிடுவார். சிரித்த வாயோடு ஒரு படி இறங்கியும் விடுவார்.

அந்த 'ஏன்' குளத்தோடு நிற்கவில்லை. கண்டக்டர் ஏன் ஒற்றைக் காதில் மட்டும் பஞ்சு வைத்திருக்கிறார், மருந்துக்கடைக்காரர் ஏன் எல்லாச் சீட்டையும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்புகிறார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். கேட்டுக் கேட்டே ஒரு புருஷனையும் சம்பாதித்துக்கொண்டாள். அவன் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து தரும் பட்டறையில் வேலை பார்த்தவன். நீச்சல் கற்க வந்தான். தண்ணீருக்கு வெளியே தலையைத் தூக்கினாலும் வாயைத் திறக்க மாட்டான். மூக்கால் மட்டுமே புஸ்புஸ்ஸென்று மூச்சு விடுவான். ஏன் என்று கேட்டாள்.

"நாள் பூரா ஊரார் வாயோட அச்சைக் கையில வச்சுக்கிட்டு குறை கண்டுபிடிக்கிறவன் நான். என் வாயை மட்டும் எவனும் பாத்துடக் கூடாது டீச்சர்" என்றான்.

அவன் கடைசிவரை ஒழுங்காக நீந்தக் கற்கவில்லை. கல்யாணம் மட்டும் நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டான். அவள் அவனைத் தனியாக இருக்கும்போது நீ, வா, போ என்பாள்; அவனுடைய அக்கா வந்துவிட்டால் சட்டென்று 'அவர்', 'இவர்' என்று மாறிவிடுவாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கர்ப்பமானதும் அவளுடைய கேள்விகள் உள்பக்கம் திரும்பின. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்குக் குளத்துச் சத்தம் கேட்குமா? நான் விசில் ஊதினால் திடுக்கிடுமா? அதுவும் தண்ணீருக்குள்தானே இருக்கிறது, அதற்கு நனைந்த மாதிரி இருக்குமா? பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டரைக் கேட்டுத் துளைத்தெடுப்பாள். வயிறு பெரிதாகிக் குளத்து ஏணியில் ஏறமுடியாமல் போகும்வரைக்கும் தண்ணீரில் இறங்கினாள்.

அதன் பிறகு, வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்க ஆரம்பித்த நாட்களில், ஏதோ ஒன்று மெல்ல மாறியது. அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்புவாள். மூன்று மாடி இறங்கியதும் அணைத்தோமா என்று ஒரு சந்தேகம் வரும். மூச்சிரைக்க ஏறிப்போய்ப் பார்ப்பாள், அணைந்துதான் இருக்கும். மறுபடியும் இறங்கினால் மறுபடியும் சந்தேகம். பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் இடது பக்கம், வலது பக்கம் என்று புரண்டு படுத்து, குளிர்ந்த தண்ணீர் குடித்து, அது ஒரு உதை விடும்வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். "தூக்கம் எப்படி இருக்கு?" என்று மருத்துவமனையில் கேட்டார்கள். "பரவாயில்ல" என்றாள். ஊரையெல்லாம் ஏன் என்று குடைந்தெடுக்கிறவள் தன்னை மட்டும் கேட்கவில்லை. பிள்ளை உண்டானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். அவளுடைய அம்மா என்றைக்கோ போய்விட்டாள். அதனால் உதவிக்கு நாத்தனார் வந்து இறங்கினாள். புருஷனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஒரு பெரிய ஹோட்டலில் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வை. ஒரு விரிப்பில் கறை இருந்தால் வாசலில் நின்றே கண்டுபிடிக்கிற கண். பேச்சும் அப்படித்தான், இஸ்திரி போட்ட மாதிரி வளைவு நெளிவு இல்லாமல் இருக்கும். பச்சைப் பிள்ளைக்குத் துணி மாற்றுவது, ஏப்பம் விட வைப்பது எல்லாம் அவள் கையில் அலுவலக வேலை மாதிரி நடந்தது.

தொப்புள்கொடி விழுந்த மறுநாள் காலை நாத்தனார் குளியலறையில் பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, வெந்நீர் விளாவி, முழங்கையால் சூடு பார்த்தாள்.

"நீயே குளிப்பாட்டும்மா. ஊர்ல பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவ, இதுல என்ன தயக்கம்?"

தயக்கமே இல்லை. ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். குழந்தையின் கழுத்துக்குக் கீழே இடது கையைக் கொடுத்து மெல்ல இறக்கினாள். பாதம் தண்ணீரில் பட்டதும் குழந்தை கால்களைச் சுருக்கிக்கொண்டது. அந்த நொடியில் அவள் கண்முன்னால் ஒரு படம் வந்து நின்றது. குழந்தை தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அதன் நெஞ்சின்மேல் ஒரு கை அழுத்திக்கொண்டிருக்கிறது. அது அவளுடைய கை.

குழந்தையை வெடுக்கென்று தூக்கினாள்.

"என்னாச்சு?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு அண்ணி. நீங்க பாருங்க."

நாத்தனார் குளிப்பாட்டினாள். அவள் சுவரில் சாய்ந்து நின்று தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைமேல் பாசம் குறைந்திருந்தால்கூட ஏதாவது புரிந்திருக்கும். அதன் காது மடலை நாள் பூராப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அல்லவா இருந்தது! அப்புறம் அந்தப் படம் எங்கிருந்து வந்தது?

ஒரு தடவை வந்தது போய்விடும் என்று நினைத்தாள். அது போகவில்லை. விரட்ட விரட்ட நன்றாகத் துலங்கி வந்தது. முதலில் குளியல் நேரத்தில் மட்டும். பிறகு குளியலறைப் பக்கம் போனாலே. பிறகு பாத்திரம் கழுவும் தொட்டி நிறைந்திருந்தால்கூட. நாத்தனார் லீவு முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது; வெளியில் காட்டிக்கொள்ளாமல் கையாட்டி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு சாக்குப்போக்குகளால் குடும்பம் நடந்தது. புருஷன் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவனே குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும்; அவளுக்கு முதுகு வலி. வீட்டில் ஒரு வாளியிலும் தண்ணீர் பிடித்து வைக்கக்கூடாது, கொசு வரும். குளியலறைக் கதவுப் பிடியைப் பக்கத்து ஆணியோடு சேர்த்து ஒரு துப்பட்டாவால் கட்டி வைத்தாள். கதவு காற்றில் அடித்துக் குழந்தை முழித்துக்கொள்கிறதாம். புருஷன் பட்டறைக்குப் போனதிலிருந்து திரும்பி வரும்வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டவே மாட்டாள். தனக்கு அவசரமாக வந்தாலும் அடக்கிக்கொண்டு, குழந்தை அயர்ந்து தூங்குகிறதா என்று நாலு முறை பார்த்துவிட்டு, ஓடிப்போய் ஓடி வருவாள். குளத்து ஆட்கள் எப்போது வேலைக்கு வருவாய் என்று போனில் கூப்பிட்டார்கள். திரையில் பெயரைப் பார்த்தாலே குளத்துத் தண்ணீர் கண்முன் தெரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

புருஷனுக்கும் ஏதோ உறுத்தியது.

"டீச்சர், ஒரு விஷயம் கேக்கட்டா? முதுகு வலின்னு சொல்ற. ஆனா அரிசி மூட்டையை நேத்து நீதானே நகர்த்தின?"

"அப்ப வலி இல்ல."

"குளிப்பாட்டும்போது மட்டும் வருமா? ஏன்?"

தன்னுடைய சொல்லையே திருப்பி எறிந்துவிட்டான். அவள் பிடிகொடுக்காமல், "உனக்கு உன் பிள்ளையைக் குளிப்பாட்டக் கஷ்டமா இருந்தா சொல்லிடு" என்று சண்டைக்குப் போனாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஒரு முடிவான கணக்கு இருந்தது. பைத்தியம் என்பார்கள். குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கிக்கொள்வதுதான் நியாயமோ என்றும் தோன்றும். தன்னிடமிருந்து குழந்தையைக் காப்பாற்ற இந்த வீட்டில் தன்னைத் தவிர ஆளில்லை என்று நினைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தன் கைகளையே காவல் காத்தாள். எடை குறைந்தது. சாப்பாடு மண்ணாக இருந்தது. தூங்கச் சந்தர்ப்பம் கிடைத்தாலும் தூக்கம் வரவில்லை.

தடுப்பூசிக்குப் போன அன்றைக்குத்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. தாய்சேய் நலப் பிரிவில் காலையிலிருந்தே கூட்டம். சுவரில் மஞ்சள் பெயின்ட். தராசுக்குப் பக்கத்தில் கால் உடைந்த பொம்மை யானை ஒன்று. ஊசி போட்ட நர்ஸ் நடுத்தர வயதுக்காரி, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். குழந்தையின் அழுகை அடங்கும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளை ஜோரா இருக்கா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சிஸ்டர்."

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. அதனால நான் வேற மாதிரி கேப்பேன். சில அம்மாக்களுக்கு வேண்டாத படமெல்லாம் மனசுல வரும். பிள்ளையைக் கை நழுவ விட்டுடுற மாதிரி, கத்தி பட்டுடுற மாதிரி, தண்ணியில அமுக்கிடுற மாதிரி. உங்களுக்கு அப்படி ஏதாவது வருதா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் தலைக்குள் இருக்கிற படத்தை இந்த அம்மாள் எப்படிப் பார்த்தாள்? பயம் ஒருபக்கம் இருக்க, எத்தனையோ நாளாக அடைந்து கிடந்த அந்தப் பழைய அரிப்பு எழுந்தது.

"ஏன் அப்படிக் கேக்குறீங்க?"

"எல்லார்கிட்டயும் கேக்குறேன்."

"யாராவது ஆமான்னு சொல்றாங்களா?"

"கதவு சாத்தியிருந்தா சொல்றாங்க. பாதிப் பேருக்காவது எப்பவாவது ஒண்ணு வந்து போயிருக்கும். அநேகம் பேருக்குச் சீச்சீன்னு உதறிட்டா போயிடும். சிலருக்கு மட்டும் ஒட்டிக்கும், போகாது."

"ஏன் சிலருக்கு மட்டும்?"

நர்ஸ் சிரித்தாள். "நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லவே இல்லையே."

அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைத் திருகினாள். மென்று முழுங்கிவிட்டு, "என் சிநேகிதி ஒருத்தி இருக்கா. அவளுக்கு..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, கை, துப்பட்டா, அடக்கிக்கொண்டு இருப்பது வரைக்கும். நர்ஸ் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. முகம் மாறவும் இல்லை.

"உங்க சிநேகிதிக்கு அந்தப் படம் வந்தா எப்படி இருக்கும்? செய்யணும்னு தோணுமா, இல்ல பயமா இருக்குமா?"

"பயம் சிஸ்டர். உயிரே போயிடுற பயம். செத்தாலும் செய்ய மாட்டா."

"செத்தாலும்னு சொல்றீங்களே, சாகணும்னு தோணுதா அவளுக்கு?"

அவள் யோசித்தாள். "இல்ல. தூங்கணும்னுதான் தோணுது."

"யாரோ காதுல சொல்ற மாதிரி குரல் கேக்குதா? இந்தப் பிள்ளை வேற யாரோ, இல்ல இப்படிச் செஞ்சாத்தான் பிள்ளைக்கு நல்லதுன்னு நம்பிக்கை வருதா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"அப்படி இருந்தா இன்னைக்கே, இப்பவே ஆஸ்பத்திரியில சேர்க்கணும். அது அவசரம். இது அது இல்ல. இது பதற்றம் எல்லை மீறிப் போறது. பிள்ளைக்கு ஆபத்து வந்துடக் கூடாதேன்னு மனசு ராப்பகலா காவல் காக்குது; காத்து காத்து அதுவே ஆபத்தை வரைஞ்சு காட்டுது. இதுக்கு வைத்தியம் இருக்கு. நல்லா கேக்கும். டாக்டர் பாத்து உறுதி பண்ணட்டும். உங்க சிநேகிதியைக் கூட்டிட்டு வர முடியுமா?"

"வந்திருக்கா" என்றாள் அவள். சொன்னதும் அழ ஆரம்பித்தாள். நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அழுது முடிக்கும்வரைக்கும் அவளை அழவிட்டாள்.

"பிள்ளையை வாங்கிட்டீங்களே, திருப்பித் தருவீங்கதானே?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

"நீங்க மூக்கைச் சிந்துறதுக்காக வாங்கினேன். இந்தாங்க."

அன்று சாயங்காலம் புருஷன் வந்ததும் சொல்லிவிட்டாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, பட்டறைத் தூசி தலையில் வெள்ளையாக இருந்தது. "சரி, டாக்டரைப் பாப்போம்" என்றான். கையைப் பிடித்துக்கொண்டான். நன்றாகத்தான் நடந்தது என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அவள் குழந்தையைத் தூக்கினால் பேப்பருக்கு மேலே இரண்டு கண்கள் தெரியும். அவள் அறை மாறினால் அவனுக்கும் அந்த அறையில் ஏதாவது வேலை வந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியைக் காணோம். தேடினால் பரண்மேல், பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால் கிடந்தது. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சில் முள் குத்தின மாதிரி இருந்தது. தன்னைத்தான் காவல் காக்கிறான். அப்படியானால் தான் பயந்தது சரிதானே? படம் அன்றைக்கு முன்னெப்போதையும்விட அடிக்கடி வந்தது.

மனநல டாக்டர் அவள் வயதை ஒத்த ஒரு பெண். இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டார். அவள் முதலில் ஒரு புகாரைத்தான் வைத்தாள்.

"டாக்டர், இவர் என்னை நம்பல."

"நம்பலைன்னு இல்ல..." என்று அவன் இழுத்தான். "எதுக்கு ரிஸ்க்னுதான்."

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அந்த மாதிரிப் படம் எதுவும் வர்றதில்லையா?"

"எனக்கா? சேச்சே."

"மூணாவது மாடின்னு சொன்னீங்க. பிள்ளையைத் தூக்கிட்டுப் படி இறங்குறப்ப?"

அவன் மெதுவாக, "கால் தடுக்கி... பிள்ளை முன்னால உருண்டு போற மாதிரி... தினமும் வரும். அதனால சுவரை ஒட்டியே இறங்குவேன்" என்றான்.

"அதுக்காக உங்களை யாராவது வீட்டுல பூட்டி வைக்கணுமா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். "ஏன் நீ என்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள் அவள். டாக்டர் முன்னால் மரியாதை போட மறந்தே போனது. "இதெல்லாம் ஒரு விஷயமான்னு விட்டுட்டேன்" என்றான் அவன். அவனால் விட முடிந்தது, அவளால் முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்றார் டாக்டர். விட முடியாமல் போவது குணக்கேடு இல்லை. தூக்கம் கெட்ட உடம்பு, பிரசவத்துக்குப் பிறகு தலைகீழாகிற ஹார்மோன்கள், முன்னாலிருந்தே கொஞ்சம் சந்தேகப்படுகிற சுபாவம் எல்லாம் சேர்ந்துகொள்கிறது. காவலுக்கு வைத்த நாய் காற்றடித்தாலும் குரைக்கிறது. நாயை அடித்து விரட்டவும் வேண்டாம், குரைக்கிற பக்கமெல்லாம் ஓடவும் வேண்டாம், பழக்கினால் போதும் என்றார்.

"எனக்கு மட்டும் ஏன் தண்ணி?" என்று கேட்டாள். அதுதான் அவளை ரொம்ப நாளாகக் குடைந்த கேள்வி. "நான் பிழைக்கிறதே அதுலதான்."

"அதனாலதான்னு நினைக்கிறேன். தண்ணியில என்னென்ன ஆகும்னு உங்களுக்கு ஒவ்வொண்ணாத் தெரியும். சமையல்காரங்க ஒருத்தங்க இங்க வந்தாங்க, அவங்களுக்குக் கத்தி."

பால் கொடுக்கிறவர்களுக்கு ஒத்துக்கொள்கிற மாத்திரை ஒன்றைத் தினமும் சாப்பிடச் சொன்னார். பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றார். ஒரு நாளைக்கு ஒரு வேளைப் பாலை மட்டும் புருஷன் புட்டியில் கொடுக்க வேண்டும், அந்த நேரத்தில் அவள் தூங்கியே ஆக வேண்டும். அவன் மறுநாளிலிருந்து வேலைக்குப் போக வேண்டும். பரண்மேல் இருக்கிற தொட்டி கீழே இறங்க வேண்டும். வாரம் ஒருநாள் அவள் வந்து பேச வேண்டும்.

அந்தப் பேச்சு விசித்திரமாக இருந்தது. படத்தை விரட்டச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனாள். அதைக் கூடவே உட்கார வைக்கச் சொன்னார்கள். முதல் வாரம், குழந்தை இல்லாமல் குளியலறை வாசலில் நின்று படம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். வந்தால் ஓடக்கூடாது, கையைக் கட்டிக்கொள்ளக்கூடாது, 'நான் நல்லவள், நான் நல்லவள்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளவும் கூடாது. அவள் நின்றாள். வந்தது. அவள் அதை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தாள். தொட்டி அவர்கள் வீட்டுத் தொட்டி. கை அவள் கை. ஆனால் வளையல்? அந்தக் கையில் வளையல் இல்லை. அவள் எப்போதும் ஒரு வளையல் போட்டிருப்பாள். 'அட, சரியாக் கூட வரையத் தெரியலையே உனக்கு' என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை. பயம் மட்டும் ஒரு நூலளவு நகர்ந்த மாதிரி இருந்தது. டாக்டரிடம் சொன்னபோது, "தப்புக் கண்டுபிடிச்சுத் தைரியம் தேட வேண்டாம், வளையல் போட்டுக்கிட்டு வந்தாலும் அது வெறும் படம்தான்" என்றார். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் நியாயமாகப் பட்டது.

அடுத்து வெறும் தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள். அடுத்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சில நாள் முடிந்தது. சில நாள் முடியாமல் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். ஒரு வாரம் முழுக்கப் பின்னால் போய்விட்டது. துப்பட்டா மறுபடியும் கதவில் ஏறியது. புருஷன் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் ஷூவைக் கழற்றினான். அதற்கு அவன் எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

நாத்தனாரிடம் சொல்லியே தீர வேண்டும் என்று அவன்தான் வற்புறுத்தினான். அவள் பயந்து பயந்து போனில் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து அதே இஸ்திரி போட்ட குரல் வந்தது: "எனக்குப் புரியல. நிஜமாவே புரியல. ஆனா சனிக்கிழமை வர்றேன்."

வந்தாள். குளியலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நான் கை வைக்க மாட்டேன். டாக்டர் என்ன சொன்னாங்களோ அதைச் செய். நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் மறுபடியும் தன் குழந்தையைத் தண்ணீரில் இறக்கினாள். படம் வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதை வரவிட்டு, அக்குளிலும் கழுத்து மடிப்பிலும் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். குழந்தை மேலே விளக்கையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, சாவகாசமாகத் தண்ணீரிலேயே மூத்திரம் விட்டது.

"போச்சு, தண்ணி மாத்தணும்" என்றாள் நாத்தனார்.

மாற்றினார்கள். மறுபடியும் இறக்கினாள். இரண்டாவது தடவை படம் வந்ததா என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தால் அவளுக்கு ஞாபகம் இல்லை. சோப்பு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. படம் மங்கியது; பிறகு வெளியூர் உறவுக்காரர் மாதிரி எப்போதாவது தலைகாட்டியது. தூக்கம் சரியாக இல்லாத வாரங்களில் அதிகம் வந்தது. வந்தால் என்ன செய்வது என்று தெரிந்துவிட்டதால் அவள் வேலை நிற்கவில்லை. மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று கேட்டாள். அவசரப்பட வேண்டாம் என்றார் டாக்டர். சரி என்று தொடர்ந்தாள்.

குழந்தை உட்காரப் பழகிய பிறகு அவள் குளத்துக்குத் திரும்பினாள். முதல் நாள் படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். முட்டிவலிக்காரர் ஒருவர், "ஏன் டீச்சர் இறங்க மாட்டேங்குறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். "பயமா இருக்கு, அதான்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு இறங்கினாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மரியாதையாக இடம் விட்டார்.

அந்த மாதமே நாத்தனார் ஒருமுறை வந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் குளத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, பாயின்மேல் குழந்தை ஒரு மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது. ஏன் டீச்சருக்குப் பழைய புத்தி முழுசாகத் திரும்பியிருந்தது.

"அண்ணி, உங்களுக்கு இந்த மாதிரிப் படம் எதுவும் வரவே இல்லையா? உங்க பையன் பிறந்தப்ப?"

"இல்ல. எனக்கு அப்படி எதுவும் வந்ததில்ல." நாத்தனார் சேலையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு கால்களைத் தண்ணீரில் விட்டாள். "எனக்கு ஒண்ணுமே வரல."

"ஒண்ணுமேன்னா?"

"ஒண்ணுமே. அவனைக் கொண்டுவந்து கையில கொடுத்தாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொடுத்த மாதிரி இருந்துச்சு. பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், துணி மாத்தினேன், எல்லாம் டைமுக்குச் செஞ்சேன். ஆனா உள்ள ஒண்ணும் இல்ல. ரொம்ப மாசம் அப்படித்தான். அவன் நடக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் ஒருநாள் திடீர்னு, அட, இவன் என் பையன்ல, அப்படின்னு இருந்துச்சு."

அதைச் சந்தையில் காய் விலை சொல்வது மாதிரிச் சொன்னாள். பையன் இப்போது காலேஜில் படிக்கிறான். தினமும் அம்மாவுக்குப் போன் செய்யாமல் தூங்க மாட்டான்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா அண்ணி?"

"யாரு கேட்டா?"

ஏன் டீச்சர் ஈரத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தரையில் விரித்து, இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"நான் கேக்குறேன்" என்றாள். "அந்த மாசமெல்லாம் எப்படி இருந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்க."

நாத்தனார் கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடக்கிக்கொண்டாள். பிறகு, "அப்ப எங்க வீட்டுல ஒரே ஒரு ஜன்னல்தான்" என்று ஆரம்பித்தாள்.